ஸ்லாட்டுக்குச் சொந்தமான முகவரி

நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு அட்டைக்கும் மேக் முகவரி உண்டு. 48 பிட் நீளம். அதன் முதல் பாதி, தயாரித்த நிறுவனம் எது என்று சொல்லும். மறுபாதியை அந்த நிறுவனமே அட்டைக்கு ஒன்றாக இடும். ஃபைபர் சேனல் வழியே சேமிப்பகத்தோடு இணையும் அட்டைக்கு 64 பிட் நீளத்தில் டபிள்யூடபிள்யூஎன் என்ற முகவரி. இரண்டும் தொழிற்சாலையில் இட்டவை. அட்டை போனால் முகவரியும் போய்விடும்.

பிளேடு சர்வர்களைப் பராமரிப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. டெல் நிறுவனம் 2008இல் கொண்டுவந்த எம்1000ஈ சேசிஸில் அரை உயர பிளேடுகள் 16 அடங்கும். பழுதான பிளேடை உருவிவிட்டு மாற்று பிளேடைச் செருகச் சில நிமிடம் போதும். ஆனால் ஃபைபர் சேனல் சுவிட்சின் ஸோனிங், சேமிப்பகத்தின் அனுமதிப் பட்டியல், டிஹெச்சிபி ஒதுக்கீடு எல்லாவற்றிலும் பழைய எண்தான் பதிந்திருக்கும். ஒவ்வொன்றையும் திருத்தும்வரை புது பிளேடு சும்மாதான் கிடக்கும்.

இதற்கு டெல் தந்த விடைதான் ஃப்ளெக்ஸ்அட்ரஸ். குடியிருப்பவர் மாறினாலும் கதவு எண் மாறாததுபோல, முகவரியை இது பிளேடு செருகும் ஸ்லாட்டுக்கு உரியதாக்குகிறது. முகவரித் தொகுப்பு ஓர் எஸ்டி கார்டில் இருக்கும். சேசிஸை நிர்வகிக்கும் சிஎம்சி தொகுதியில் அதைச் செருகி இயக்கியதும், கார்டு அந்தச் சேசிஸோடு பிணைந்துவிடும். அப்படியே கழற்றி வேறு சேசிஸில் போட்டால் செல்லாது. ஒரே முகவரி இரண்டு இடத்தில் இருந்தால் நெட்வொர்க் குழம்பும் என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு.

அமைக்கும் முறை எளிது. முதலில் பிளேடை அணைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் முகவரியை மாற்ற இயலாது. பிறகு சிஎம்சியின் திரையில் எந்தெந்த ஸ்லாட், ஏ, பி, சி என்ற ஃபேப்ரிக்குகளில் (இணைப்பு வழிகளில்) எவை என்று தேர்ந்தெடுத்துச் சேமித்து, பிளேடை இயக்க வேண்டும். தொழிற்சாலை எண் அழிவதில்லை. வசதியை நிறுத்தினால் அது திரும்ப வரும். திரையில் இரண்டு முகவரிகளும் அருகருகே தெரியும். நடப்பில் உள்ளதன் பக்கத்தில் பச்சை டிக் இருக்கும். டிக் இடம் மாறாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது பயாஸ், அட்டை ஆகியவற்றின் ஃபர்ம்வேர் பதிப்பு. பழைய பதிப்புகள் இந்த வசதியை அறியாதவை.

இயங்குதளம் நிறுவும் முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. பின்னால் முகவரி மாறினால், பழைய லினக்ஸ் அதே அட்டையைப் புது அட்டை என்று எண்ணி, ஈத்0 என்றிருந்ததற்கு வேறு பெயர் சூட்டிவிடும். பழைய பெயருக்கு எழுதிய அமைப்புகள் வேலை செய்யாது. முதல் நாளே ஸ்லாட் முகவரியில் நிறுவிய சர்வர் என்றால், நள்ளிரவில் பிளேடு பழுதானாலும் பணியில் இருப்பவர் ஒருவரே மாற்றி இயக்கிவிடலாம். நெட்வொர்க் குழுவையும் சேமிப்பகக் குழுவையும் எழுப்ப வேண்டியதில்லை.