பணிபுரியும் செவிலியரும் பட்டப்படிப்பும்

பட்டம் பெறவேண்டும் என்னும் ஆசை, வேலைக்குப் போனவுடன் அற்றுப்போவதில்லை. குடும்பச் சுமையால் பட்டயப் படிப்போடு நின்று மருத்துவமனைப் பணிக்குச் சென்றுவிட்ட செவிலியர் நம் ஊர்களில் பலர். அவர்கள் மேலும் படிப்பது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அனுபவம் இருக்கையில் பட்டம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2014ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் வெளிவந்தது. பட்டம் பெற்ற செவிலியர் 10 விழுக்காடு கூடுதலாக உள்ள மருத்துவமனைகளில், அறுவை சிகிச்சை பெற்றோர் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு குறைவாக இருந்ததாம். மேலும், எம்.எஸ்ஸி. நர்சிங் படிக்கவும் பட்டம் இன்றியமையாதது.

அமெரிக்காவில் பணிபுரியும் செவிலியர் இணையவழியில் பட்டம் பெறுவது இயல்பான ஒன்று. நியூயார்க் மாநிலம் 2017இல் இயற்றிய சட்டப்படி, புதிதாகப் பணிக்கு வரும் செவிலியர் பத்தாண்டுக்குள் இளநிலைப் பட்டம் பெறவேண்டும். ஆனால், அங்கு அவ்வாறு படிப்பவர் முன்னரே மருத்துவமனையில் பயிற்சி பெற்று, உரிமத் தேர்வில் வென்றவர். எஞ்சிய பாடங்களையே அவர் இணையத்தில் பயில்கிறார்.

நம் நாட்டு நிலை வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள், தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக்கூடாத படிப்புகளுள் நர்சிங்கையும் சேர்த்துள்ளன. ஊசி போடுவதையும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதையும் திரையில் பார்த்து மட்டும் கற்க இயலுமா? எனவே, 'வீட்டிலிருந்தே பி.எஸ்ஸி. நர்சிங்' என்று விளம்பரம் வந்தால் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

அத்தகைய விளம்பரம் ஒன்று என் அக்காவின் கைப்பேசிக்கும் வந்தது. அவர் ஜி.என்.எம். முடித்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் பணிபுரிகிறார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் கட்டணம் அவருடைய இரவுப் பணியின் ஊதியம். அவர் பணம் கட்டுமுன் உண்மையை அறியவே இவற்றைத் தேடிப் படித்தேன்.

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு. ஜி.என்.எம். முடித்தவர்க்கென்றே போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. நர்சிங் என்னும் இரண்டாண்டு முழுநேரப் படிப்பு இருக்கிறது. இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் பணியிலிருப்போருக்காக, இந்திய நர்சிங் கவுன்சிலின் ஏற்புடன், இதே பட்டத்தைத் தொலைநிலை வழியில் 1990களில் தொடங்கியது. குறைந்தது மூன்றாண்டு படிக்கவேண்டிய அதிலும் நுழைவுத்தேர்வும், மையத்திற்குச் சென்று பெறும் செய்முறைப் பயிற்சியும் உண்டு. அதில் சேர எண்ணுவோர் அவ்வாண்டுச் சேர்க்கை அறிவிப்பை முதலில் பார்த்தல் நலம்.

எப்படிப்பைத் தேர்ந்தாலும் நான்கு வினாக்கள் கேட்கவேண்டும். ஒன்று, இந்திய நர்சிங் கவுன்சிலின் ஏற்பு உண்டா? இரண்டு, தமிழ்நாட்டில் செவிலியரைப் பதிவுசெய்யும் கவுன்சில் இதைக் கூடுதல் தகுதியாகப் பதிந்துகொள்ளுமா? மூன்று, செய்முறைப் பயிற்சி எந்த மருத்துவமனையில்? நான்கு, கட்டணத்தோடு, படிக்கும் காலத்தில் இழக்கும் ஊதியம் எவ்வளவு?

நான்காவது வினாவே பல குடும்பங்களில் பெரிது. முழுநேரப் படிப்பு என்றால் இரண்டாண்டுச் சம்பளம் நின்றுபோகலாம். அக்காமார் உழைப்பில் படிக்கும் நாம், பட்டம் பெற்றபின் அந்த இரண்டாண்டைத் தாங்கிக்கொண்டால் அவர்களும் படிக்கலாம். நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு செவிலியர் இருந்தால், இந்த நான்கு வினாக்களையும் அவரிடம் சொல்லுங்கள். அந்தக் கணக்கையும் உடனமர்ந்து போடுங்கள்.

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்