பழைய பொம்மை மோட்டாருக்குப் புதுப் பொலிவு

குழந்தைகள் வளர்ந்துவிடுகிறார்கள், அவர்களுடைய பொம்மை மோட்டார்கள் மட்டும் வளராமல் பரண்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. சக்கரம் இருக்கும், கதவு இருக்கும்; வர்ணம் மாத்திரம் சொறி பிடித்தாற்போல் உதிர்ந்திருக்கும். இவற்றை எடைக்குப் போடாமல் மறுபடியும் பளபளக்கச் செய்யலாமா, அதுவும் மாதக் கடைசியில் கையைக் கடிக்காமல் செய்யலாமா என்று கேட்கும் நேயர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

உலோக மோட்டார் பொம்மைகளில் மிகவும் பெயர் பெற்றவை, லண்டனில் லெஸ்னி கம்பெனியார் 1953-ஆம் வருஷத்தில் வெளியிடத் தொடங்கிய ‘மாட்ச்பாக்ஸ்’ வண்டிகள். கம்பெனியின் கூட்டாளிகளில் ஒருவரான ஜாக் ஓடெல் என்பவருடைய மகள் படித்த பள்ளிக்கூடத்தில், தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுச் சாமானைத்தான் கொண்டுவரலாம் என்று ஒரு விதி இருந்ததாம். தகப்பனார் அந்த அளவுக்குள் சாலை போடும் ரோலர் ஒன்றைச் செய்து கொடுத்தார். அதிலிருந்து பெரிய வியாபாரமே கிளைத்தது. பள்ளிக்கூடத்து விதிகளால் பிரயோஜனம் ஒன்றுமில்லை என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்! லெஸ்னி கம்பெனி 1982-இல் நொடித்துப்போயிற்று. பெயர் மட்டும் கைமாறி இன்றும் வழங்குகிறது.

வேலையைத் தொடங்குமுன் ஒரு கேள்வி. வண்டிக்கு வர்ணம் தேவைதானா? பழைய சாமான்களைச் சேகரிப்பவர்கள், தொழிற்சாலையில் பூசிய மூல வர்ணத்துக்கே மதிப்பளிக்கிறார்கள். அது முக்கால்வாசியாவது நன்றாக இருந்தால், சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, சிறிது மெழுகு தடவி நிறுத்திக்கொள்வதே உத்தமம். ஒரு முறை சுரண்டிய வர்ணம் திரும்பி வராது. பாதிக்கு மேல் போய்விட்ட வண்டியிலேதான் நம் கைவரிசையைக் காட்ட வேண்டும்.

வண்டியின் அடித்தகட்டை இறுக்கியிருக்கும் குமிழ் ஆணியின் தலையைத் துளைக்கருவியால் மெல்லக் குடைந்து எடுத்தால் எல்லாம் கழன்று வரும். கண்ணாடியையும் ஆசனங்களையும் ஒரு தட்டில் பத்திரப்படுத்துங்கள். பழைய வர்ணத்தை நீக்க, கடையில் விற்கும் வர்ண நீக்கியும் பழைய பல் துலக்கியும் போதும். கைக்கு உறை அவசியம். பித்தளைச் சொம்பைப் போல் புளியிட்டுத் துலக்கலாமே என்று வீட்டிலுள்ளோர் யோசனை சொல்லக்கூடும். வேண்டாம். இந்தப் பொம்மைகள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையால் வார்க்கப்பட்டவை. துத்தநாகத்தை அமிலமும் அரிக்கும், காஸ்டிக் சோடா போன்ற காரமும் அரிக்கும். இன்னொன்று: பழைய காலத்து வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஆகையால் உலர்ந்த நிலையில் தேய்த்துப் பொடி பறக்கவிடலாகாது. இந்தக் கட்டத்தில் குழந்தைகளை அருகே சேர்க்கவும் கூடாது.

துத்தநாகத்தின்மேல் வர்ணம் எளிதில் ஒட்டாது. எனவே முதலில் பிரைமர் பூச்சு ஒன்று வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. சிக்கனமெல்லாம் மேல் வர்ணத்தில் காட்டலாம். 1920-களில் அமெரிக்காவில் டியூபாண்ட் கம்பெனியாரின் ‘டூக்கோ’ என்னும் நைட்ரோஸெல்லுலோஸ் வர்ணம் வந்த பிறகே, நாட்கணக்கில் காய்ந்துகொண்டிருந்த மோட்டார் வண்டிகள் மணிக்கணக்கில் காயத் தொடங்கின. அதே நைட்ரோஸெல்லுலோஸ்தான் பெண்மணிகள் நகத்துக்குப் பூசும் பாலிஷிலும் பெரும்பாலும் இருக்கிறது. ஒரு சிறு புட்டி இரண்டு மூன்று குட்டி வண்டிகளுக்குத் தாராளமாகக் காணும்! ஆனால் பிளாஸ்டிக் வண்டிக்கு இதைப் பூசினால் உருகிக் குழையக்கூடும். அதற்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வர்ணமே தக்கது.

எப்படிப் பூசுவது? மெல்லியதாக, பல தடவை. இதற்கு ஒரு சிறு கணக்கு உண்டு. வண்டி அசலில் 64-இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 0.1 மில்லிமீட்டர் கனத்துக்கு வர்ணம் ஏறினால், அசல் வண்டியில் 6.4 மில்லிமீட்டர் கனத்துக்குச் சாந்து பூசியதற்குச் சமானம். கதவின் விளிம்பு, விளக்கின் வளையம் எல்லாம் அதில் மூழ்கிப்போகும். மழை நாளில் பூசுவதும் தகாது. கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் படிந்து, வர்ணம் வெளிறிவிடும். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். அடுப்பும் விளக்கும் பக்கத்தில் இருக்கவே கூடாது.

பிறகு பொறுமை. வர்ணத்தின் வாசனை முற்றிலும் போகும் வரையில், ஒரு வாரமானாலும், தொடாதீர்கள். அதன்பின் 1500, 2000 எண்ணுள்ள நீர்க்காகிதத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து மிருதுவாகத் தேய்க்க வேண்டும். விளிம்புகளில் அழுத்தினால் அடியிலுள்ள பிரைமர் எட்டிப் பார்க்கும். மேடுபள்ளங்கள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் மங்கல் தோன்றுகிறது. அவை மறைய மறைய, முகம் பார்க்கும் பளபளப்பு வரும். முடிவில் மோட்டார்க் கடையில் கிடைக்கும் ரப்பிங் காம்பவுண்டு. அதுவும் இல்லையென்றால் வெள்ளைப் பற்பசை. அதிலுள்ள நுண்ணிய பொடியும் அதே வேலையைச் செய்யும். கீறல் விழுந்த ஜன்னல் கண்ணாடியையும் தெளிவாக்கும். துணிக்குப் பழைய வேஷ்டித் துண்டைவிட மேலானது கிடையாது.

வண்டியை மூடுமுன் ஒரு சிறு காரியம் பாக்கியிருக்கிறது. ‘இன்ன வருஷத்தில் மறு வர்ணம் பூசப்பட்டது’ என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள். நாளைக்கு அது யார் கைக்குப் போனாலும், நம் கைவேலையை அசல் என்று நம்பி அவர் கூடுதல் விலை கொடுத்து ஏமாறக் கூடாது அல்லவா? குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சீட்டை எழுதினால், வர்ணம் பூசும் வித்தையோடு இன்னொரு பாடமும் அதற்குக் கிடைக்கும்.