களைக்கொல்லியும் ஓர் அபூர்வ ரத்தப் புற்றும்

ஹேரி செல் லுகேமியா என்றொரு ரத்தப் புற்று. நுண்ணோக்கியில பார்த்தா வெள்ளணு மேல மயிரிழை மாதிரி நீட்டிக்கிட்டிருக்கும், அதான் பேரு. நூறு ரத்தப் புற்றில் ஏறக்குறைய 2தான் இது. ஒரு பெண்ணுக்கு வந்தால் ஆண்கள் நாலைந்து பேருக்கு வருது; பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர்கள். ஆசியர்களிடம் குறைவு.

நான் இதைக் கவனிக்கக் காரணம் வியட்நாம். அங்கே காடழிக்க அமெரிக்கா தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சில் பாதி 2,4-டி. மறுபாதியான 2,4,5-டி-யில் டையாக்சின் நஞ்சும் கலந்திருந்தது. அந்தப் போருக்குப் போன சிப்பாய்களுக்கு இந்நோய் வந்தால் நிவாரணம் உண்டு என்று 2010-இல் அமெரிக்க அரசே ஏற்றுக்கொண்டது. மேலைநாட்டு ஆய்வுகளில் விவசாயிகளுக்கும் கொஞ்சம் கூடுதலாத் தெரியுது. மருந்தடிச்ச எல்லாருக்கும் வரும்னு நான் சொல்லலை. ஆனா அந்த 2,4-டி இன்னைக்கும் நம்ம நெல்வயல்ல விழுது.

விடாத சோர்வு, அடிக்கடி காய்ச்சல், இடது விலாவுக்குக் கீழே கனம் இருந்தா ரத்தப் பரிசோதனை செஞ்சுக்கங்க. கிளாட்ரிபின் மருந்து ஒரே சுற்றில் பெரும்பாலோருக்கு நோயை அடக்கிடுது.