மேடையும் வலைக் காலுறையும்

பாரீஸ் மாநகரில் 1889-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற மூலான் ரூஜ் கேளிக்கை அரங்கிலும், 1975-இல் பாப் ஃபாஸி நியூயார்க்கில் அரங்கேற்றிய 'சிகாகோ' இசை நாடகத்திலும் நடன மாதர் வலைக் காலுறையை விரும்பி அணிந்ததற்கு அலங்கார மோகம் ஒன்றே காரணமன்று. மேடையின் பிரகாசமான ஒளி நேர்முகமாக விழுங்கால் நிழல்கள் மறைந்து, உருண்டு திரண்ட காலும் தூரத்தே அமர்ந்திருப்பவருக்குத் தட்டையாகத் தோன்றிவிடுகிறது. ஆனால் வலையின் கண்கள் காலின் நடுவே அகன்றும், வளைந்து திரும்பும் ஓரங்களில் நெருங்கியும் தெரிவதால், ஓரங்கள் கருமையுற்று, தசையின் ஒவ்வோர் அசைவும், சித்திரக்காரன் கோடிட்டு நிழல் தீட்டியதுபோல், கடைசி வரிசை ரசிகருக்கும் ஸ்பஷ்டமாகப் புலனாகிறது. இந்தச் சூட்சுமமே பிரதானம் என்பது என் துணிபு. வலைக்கண்களின் வழியே காற்று புகுந்து வியர்வை உலர்வதும் ஒரு சௌகரியமே. அன்றாட உபயோகத்துக்குரிய மெல்லிய வலையைத் தொழில்முறை நர்த்தகியர் நாடுவதில்லை. தடித்து, நெகிழ்ந்து கொடுக்கும் நூலால் பின்னியதையே தேர்ந்துகொள்வர். அதற்குள்ளே மேனி நிறத்துக்கு இசைந்த மற்றொரு காலுறையையும் பலர் அணிவதனால், அரங்கில் வெறுங்காலாகக் காட்சி தருவது உண்மையில் ஈரடுக்கு ஆடையேயாகும்.