கோடைத் தக்காளி சிவக்க...

ஜலகண்டாபுரம் வட்டாரத்தில் கோடையில் பறிக்கும் தக்காளி முழுதாகச் சிவக்காமல், காம்புப் பக்கம் மஞ்சளாகவே நின்றுவிடுவதுண்டு. சந்தையில் இதற்கு விலை குறைவு. பெரும்பாலும் இது நோயன்று. வெயிலின் கடுமையே காரணம்.

தக்காளிக்குச் சிவப்பு நிறம் தருவது ‘லைகோபீன்’ என்னும் நிறப்பொருள். 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இது நன்கு உண்டாகும். 30 டிகிரிக்கு மேல் குன்றிவிடும். மஞ்சள் நிறம் தரும் ‘கரோட்டின்’ மட்டும் தொடர்ந்து உண்டாவதால் பழம் மஞ்சளிக்கிறது. நேர் வெயில் படும் பழத்தின் சூடு, காற்றின் சூட்டைவிட அதிகம்.

எனவே, காய்களை மூடி நிற்கும் இலைகளைக் கழித்துவிடக் கூடாது. குச்சி நட்டுக் கட்டும்போதும் காய்கள் இலை மறைவில் இருக்குமாறு கட்ட வேண்டும். நிறம் திரும்பும் செங்காய்ப் பருவத்திலேயே, வெயில் ஏறுமுன் பறித்து, காற்றோட்டமுள்ள நிழலில் பரப்பிப் பழுக்க வைப்பது நலம். பறித்த பழத்தைக் கூடையோடு வெயிலில் விடலாகாது.

லைகோபீன் எண்ணெயில் கரையும் பொருள். ஆகவே, பச்சையாக உண்பதைவிட, நல்லெண்ணெயில் வதக்கித் தொக்காக உண்டால் உடலில் கூடுதலாகச் சேரும். மஞ்சள் நின்ற பழத்தையும் குப்பையில் கொட்ட வேண்டாம். அதிலுள்ள கரோட்டின், உடலில் வைட்டமின் ‘ஏ’ சத்தாக மாறுகிறது. விலை போகாத பழம் வீட்டுச் சமையலுக்கு உதவும்.