உப்புப் பளிங்கின் உள்ளமைப்பு

மன்னார்த் தீவின் பள்ளிமுனை போன்ற கரையூர்களிற் கருவாட்டுக்கு இடும் உப்பிலே பருமணி ஒன்றை உடைத்து நோக்குக. உடைந்த துண்டுகளும் செங்கோண முகங்களையே காட்டும்.

இதன் காரணம் 1913ஆம் ஆண்டில் லாரன்சு பிராக் எக்சுக் கதிர்கொண்டு ஆராய்ந்தபோது புலனாயிற்று. ஒவ்வொரு சோடிய அயனையும் மேல், கீழ், நாற்புறம் என ஆறு குளோரைட்டு அயன்கள் சூழ்கின்றன. குளோரைட்டைச் சூழ்வனவும் ஆறு சோடியங்களே. இவ்வொழுங்கின் அலகுக் கனத்துக்குப் பக்கம் 5.64 ஆங்சுதிரம், முகத்துக்குச் செங்குத்தான அச்சிற் கால்வட்டம் திருப்பினும் தோற்றம் மாறாது. முகத்துக்கு இணையான தளந்தோறும் நேரயனும் எதிரயனும் சமவெண்ணாக இருத்தலின், பளிங்கு அத்தளங்கள் வழியே எளிதிற் பிளக்கின்றது.

அங்ஙனமாயின், இன்ன சோடியத்துக்கு இன்ன குளோரீன் என இணைத்து, உப்பின் மூலக்கூறு இதுவெனச் சுட்டல் இயலாது. முதுபெரும் வேதியியலார் ஆம்ஸ்திராங்கு இதனைப் பொறாது 1927இல் 'நேச்சர்' இதழிற் சினந்தெழுதினார். பளிங்கோ அவர் சினத்துக்கு இசையவில்லை.

மகனீசியம் ஒட்சைட்டும் ஈயச் சல்பைட்டும் இவ்வகுப்பினவே. சீசியம் பேரயனாதலின் எட்டுக் குளோரைட்டுகளை ஏற்று வேறு வகுப்பாகும். நாகச் சல்பைட்டில் அண்டை அணுக்கள் நான்கே. ஈயச் சல்பைட்டுக் கனிமமோ, உப்பைப் போலவே சதுரமுகம் காட்டி உடையும்.