மதுக்கடைக் குலுக்கல்: கைமுதலைப் போடுமுன் கணக்கைப் போடுவோம்

மது வியாபாரம் சரியா, தவறா என்று பேச இக்கட்டுரையை எழுதவில்லை. அண்டை மாநிலங்களில் நடக்கும் மதுக்கடைக் குலுக்கலில் நம் மளிகை வியாபாரிகளும் உறவினர் மூலம் பங்கு போடுகிறார்கள். அது எப்படி நடக்கிறது, அதன் வரவு செலவு என்ன என்பதை, நாற்பது வருடம் பேரேடு புரட்டியவன் என்ற முறையில் சொல்ல விரும்புகிறேன்.

தமிழ்நாட்டில் 2003 நவம்பர் இறுதியிலிருந்து சில்லரை மதுக்கடைகளை டாஸ்மாக் நிறுவனமே நடத்துவதால் இங்கே குலுக்கலுக்கு இடமில்லை. தெலங்கானாவில் தனியாருக்கே லைசென்ஸ் தருகிறார்கள். ஆந்திராவில் 2019 முதல் அரசு நடத்திய கடைகள், 2024 அக்டோபரில் மறுபடியும் தனியார் கைக்கு வந்தன.

முறை இதுதான். இத்தனை கடைகள்தான் என்று அரசு முதலில் எண்ணிக்கையை வரையறுத்து விடுகிறது. ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து வருடக் கட்டணமும் நிர்ணயம் ஆகிவிடும். ஏலம் கேட்க வழியில்லை. வந்த விண்ணப்பங்களை மாவட்டக் கலெக்டரின் மேற்பார்வையில் குலுக்கி, பெயர் விழுந்தவருக்கு இரண்டு வருட லைசென்ஸ் தருகிறார்கள். தெலங்கானாவில் கவுடு சமூகத்தாருக்கு 15, ஆதிதிராவிடருக்கு 10, பழங்குடியினருக்கு 5 சதவீதக் கடைகள் ஒதுக்கீடு. ஒருவரே எத்தனை விண்ணப்பம் வேண்டுமானாலும் போடலாம்.

இனித்தான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம். விண்ணப்பக் கட்டணம் திரும்ப வராது. டெண்டர் போட்டுக் கிடைக்காவிட்டால் டிப்பாசிட் கைக்கு வரும். ஏலச்சீட்டில் தள்ளுபடி போனாலும் மீதி வரும். இங்கே போட்ட பணம் போட்டதுதான்.

2023-இல் தெலங்கானாவில் 2,620 கடைகளுக்கு ஏறக்குறைய 1 லட்சத்து 32 ஆயிரம் விண்ணப்பங்கள் வந்தன. கட்டணம் தலைக்கு 2 லட்சம் ரூபாய். சராசரியாக ஒரு கடைக்கு 50 பேர். அதாவது ஒரு பாட்டில் விற்கும் முன்பே, கடை ஒன்றுக்கு 1 கோடி ரூபாய் அரசுக் கஜானாவுக்குப் போய்விட்டது. 2025-இல் கட்டணத்தை 3 லட்சமாக்கினார்கள். விண்ணப்பங்கள் சுமார் 95,000 ஆகக் குறைந்தன. ஆனாலும் அரசின் வசூல் சுமார் 2,640 கோடியிலிருந்து 2,850 கோடியாக உயர்ந்தது. ஆந்திராவில் 2024-இல் 3,396 கடைகளுக்கு 89,882 விண்ணப்பங்கள். கட்டணம் 2 லட்சம். இந்த வியாபாரத்தில் நஷ்டமே வராத பங்குதாரர் யார் என்பது இதிலேயே தெரியும்.

என்னிடம் இருபது வருடமாகச் சரக்கு எடுக்கும் மளிகைக்காரர் ஒருவர். அவருடைய சம்பந்தி வீடு சித்தூர்ப் பக்கம். 2024-இல் நான்கு பேர் கூட்டுச் சேர்ந்து பத்துக் கடைகளுக்குப் பத்து விண்ணப்பம் போட்டார்கள். 20 லட்சத்தில் இவர் பங்கு 5 லட்சம். அக்டோபர் 14-ஆம் தேதி குலுக்கலில் ஒன்றுகூட விழவில்லை. தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. கடைக்கு வந்தவர் பட்டியலை நீட்டிவிட்டு, "அண்ணாச்சி, இந்தத் தடவை பாதியைக் கடனாப் போடுங்க" என்றார். அதுவரை பண்டிகைச் சரக்குக்குக் கடன் கேட்டவரல்ல அவர். "பத்துப் போட்டா ஒண்ணாவது விழும்னு நினைச்சோம்" என்று சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பத்துப் போட்டால் ஒன்று விழுமா? கணக்குப் பார்ப்போம். ஆந்திராவில் கடைக்குச் சராசரி 26 விண்ணப்பம். அந்தச் சராசரிப்படி பத்துக் கடைகளுக்கு ஒவ்வொன்று போட்டால், ஒன்றாவது விழ நூற்றுக்கு 32 வாய்ப்பு. மீதி 68 தடவை 20 லட்சமும் போயிற்று. தெலங்கானாவின் 2023 சராசரிப்படி பார்த்தால் வாய்ப்பு 18 தான். போட்டி அதிகமுள்ள இடத்தில் இதைவிடக் குறையும். அதிகம் போட்டால் வாய்ப்பு கூடும், உண்மைதான். இழக்கும் தொகையும் கூடவே கூடுகிறது.

விழுந்து விட்டால் மட்டும் செலவு முடிந்ததா? தெலங்கானாவில் வருடக் கட்டணம் ஊருக்கு ஏற்ப 50 லட்சத்திலிருந்து 1 கோடியே 10 லட்சம் வரை. அதை ஆறு தவணையாகக் கட்ட வேண்டும். முதல் தவணை குலுக்கல் முடிந்த கையோடு கட்ட வேண்டியது. 55 லட்சம் என்றால் 9 லட்சத்துக்கு மேல் உடனே தயாராக இருக்க வேண்டும். கடை வாடகை, ஆள் சம்பளம் தனி. சரக்கை அரசின் மதுபானக் கழகத்திடம்தான் எடுக்க முடியும். மொத்த வியாபாரியிடம் மளிகைக்காரர் பேரம் பேசுவது போல அங்கே பேச முடியாது. விற்பனை விலையும் கமிஷனும் அரசு வைத்ததுதான். கமிஷன் கட்டுப்படியாகவில்லை என்று கடைக்காரர்கள் முறையிட்ட பிறகுதான் ஆந்திர அரசு 2025-இல் அதை 14 சதவீதமாக்கியது.

யாரும் லாபம் பார்க்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நல்ல இடத்தில் கடை விழுந்து சம்பாதித்தவர்கள் உண்டு. அவர்களைப் பற்றித்தான் ஊர் பேசும். விழாதவர் வாயைத் திறப்பதில்லை.

பங்கு போட்டே தீருவேன் என்பவர்களுக்கு மூன்று வார்த்தை. முதலாவது, சரக்குப் பணத்தையும் வட்டிக்கு வாங்கிய பணத்தையும் தொடாதீர்கள். முழுதும் போனாலும் கடை நடக்கும் என்ற அளவே போடுங்கள். இரண்டாவது, லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். உங்கள் பங்குக்குச் சட்டப்படி என்ன பாதுகாப்பு என்று வக்கீலைக் கேட்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள். மூன்றாவது, விழுந்தபின் வேண்டிய முதல் எங்கிருந்து வரும் என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே எழுதிப் பாருங்கள்.

நான் அவருக்கு அந்தத் தீபாவளிக்குச் சரக்கு போட்டுக் கொடுத்தேன். பாக்கியைத் தை மாதம்வரை சிறுகச் சிறுக அடைத்துவிட்டார். ஆனால் அந்த 5 லட்சத்தை மளிகை லாபத்தில் மறுபடி சேர்க்க எத்தனை மூட்டை அரிசி விற்க வேண்டும் என்பது, தராசு பிடிக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.